குடியை நிறுத்திய மூன்றாம் ராத்திரி

கார்த்திகை ஒண்ணாம் தேதி மாலை போடுகிறவர், சாம்பல் புதனன்று நாற்பது நாளைக்குத் தொடமாட்டேன் என்று நேர்ந்துகொள்கிறவர், குமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணத்தில் படகேறி, பல நாள் கடலிலேயே கிடந்து மீன்பிடிக்கும் ஆழ்கடல் தங்கலுக்குப் போகிறவர். மூன்று பேரும் தினமும் குடித்துப் பழகிய உடம்போடு ஒரே நாளில் நிறுத்துகிறார்கள். முதல் நாள் கை நடுங்கும். வீட்டில் சந்தோஷம்தான். இரண்டாம் நாள் பொட்டுத் தூக்கம் இருக்காது. ‘விட்டா கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும்’ என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். மூன்றாம் ராத்திரி, அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இல்லாத வலையை இழுக்கத் தொடங்குவார். ரப்பர் வெட்டுகிறவராக இருந்தால் சுவரில் பட்டை சீவுவார். டிரைவர் என்றால் கியர் மாற்றுவார். சட்டை முழுக்க வியர்வை, உடம்பில் காய்ச்சல், நாடி நிமிடத்துக்கு 100-க்கு மேல். போர்வையில் பூச்சி ஓடுகிறது என்று பொறுக்கி எறிவார்.

மருத்துவத்தில் இதற்கு டெலிரியம் டிரெமன்ஸ் என்று பெயர். ஊரில் இதைப் பேய் என்று சொல்லி மந்திரிக்கவோ ஜெபத்துக்கோ தூக்கிக்கொண்டு போகிறார்கள். போகட்டும், ஆனால் முதலில் ஆஸ்பத்திரி. கவனிக்காமல் விட்டால் இதில் ஆள் செத்துப்போவார். சாராயம் குடித்தால் சாவு என்று எல்லா மேடையிலும் சொல்கிறோம். சாராயத்தைத் திடீரென்று விட்டாலும் சாவு வரும் என்பதை யாரும் சொல்வதில்லை. விழிப்புணர்வு ஊர்வலத்தில் மண்டையோட்டுப் படம் பிடித்துப் போகிற பிள்ளைகளுக்கு, வீட்டில் அப்பாவுக்கு இரண்டாம் நாள் வலிப்பு வந்தால் என்ன செய்யவேண்டும் என்று தெரியாது.

காரணம் எளிது. தினமும் உள்ளே போகும் சாராயம் மூளையை அமுக்கிப் பிடிக்கிறது. மூளையும் சும்மா இருக்காது. அந்த அமுக்கலுக்கு எதிராகத் தன் ஓட்டத்தைக் கூட்டியே வைத்துப் பழகும். அமுக்கிய கை திடீரென்று எடுபட்டால் அந்தக் கூடின ஓட்டம் மட்டும் மிஞ்சும்.

மணிக்கணக்கு இப்படிப் போகும். கடைசியாகக் குடித்து 6 முதல் 12 மணி நேரத்தில் நடுக்கம், ஓங்கரிப்பு, வியர்வை, படபடப்பு. 12 முதல் 48 மணிக்குள் வலிப்பு வரலாம். முன்பு வலிப்பே வராதவருக்கும் வரும். 48 முதல் 96 மணிக்குள் மேலே சொன்ன பிதற்றல். முதல் நாள் நல்லபடியாகப் போயிற்று என்பதில் எந்த உறுதியும் இல்லை. அதனால் ‘எப்போது கடைசியாகக் குடித்தார்’ என்பதை நாளாக இல்லை, மணியாகத் தெரிந்துவைக்க வேண்டும்.

எல்லாருக்கும் இது வராது. யாருக்கு வரும் என்று ஓரளவு முன்கூட்டியே சொல்லலாம். காலையில் எழுந்ததும் கை நடுக்கம் நிற்க ஒரு கட்டிங் போட்டாக வேண்டும் என்ற நிலையில் இருப்பவர், தினமும் அரை பாட்டில் அளவுக்குக் குடிப்பவர், முன்பு நிறுத்தியபோது வலிப்போ பிதற்றலோ வந்தவர், குடியோடு தூக்க மாத்திரையும் போடுபவர், 60 வயது தாண்டியவர், ஈரலோ இதயமோ கெட்டவர். இவர்கள் வீட்டில் வைத்து நிறுத்தவே கூடாது. அறையில் போட்டுப் பூட்டிவைத்து ‘வைராக்கியம்’ பார்க்கிற வேலை இவர்களைக் கொல்லும். நாகர்கோவிலை அடுத்த ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, மனநல மருத்துவர் இருக்கும் வேறு இடத்திலோ சேர்த்துத்தான் நிறுத்த வேண்டும். அங்கே டயசெபாம் அல்லது குளோர்டயஸிபாக்சைட் மாத்திரையை முதல் நாள் கூட்டிக் கொடுத்து, ஐந்து முதல் ஏழு நாளில் படிப்படியாகக் குறைப்பார்கள். ஈரல் கெட்டவருக்கு லோரசெபாம். அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்தி வைத்து, அடுத்த தடவை மருந்துக் கடையில் நீங்களே வாங்கிக் கொடுக்காதீர்கள். அந்த மாத்திரையின் மேல் அவர் ஒரு குவார்ட்டரும் போட்டால் மூச்சு நிற்கும்.

கரையில் இருப்பவருக்காவது 108 இருக்கிறது. கடலில் இரண்டு நாள் ஓடிய பிறகு வலிப்பு வந்தால் திரும்பி வர இரண்டு நாள். பிதற்றலில் இருப்பவர் பிடித்த பிடியில் நிற்கமாட்டார், ஓரத்துக்குப் போவார். ஏற்றும் முன்பே ‘கடைசியா எப்ப குடிச்ச மக்கா’ என்று கேட்கிற படகுக்காரர் புத்திசாலி. நிறுத்தி ஐந்து நாள் ஆகாதவரை அந்தத் தங்கலுக்கு ஏற்றாமல் இருப்பது அவருக்கும் நல்லது, கூட இருக்கும் பத்துப் பேருக்கும் நல்லது.

குளுக்கோஸுக்கு முன்னால் பி1

ஆள் வாடிப்போய்க் கிடந்தால் நம் ஊரில் முதல் வைத்தியம் ‘ஒரு டிரிப் ஏத்தினா தெளிஞ்சிரும்’. குடிநோயாளி விஷயத்தில் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. மாதக்கணக்கில் சோறு ஒழுங்காகத் தின்னாமல் குடித்தவருக்கு உடம்பில் தயமின் என்ற பி1 சத்து அடியோடு தீர்ந்திருக்கும். குளுக்கோஸை எரிக்க அந்தச் சத்து வேண்டும். அது இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், மிச்சம் மீதி இருந்ததும் செலவாகி, மூளையின் ஒரு பகுதி பாழாகும். வெர்னிக்கே என்று இதைச் சொல்வார்கள். கண்மணி ஆடும், நடை தள்ளாடும், ஆள் குழம்புவார். குடித்தவன் தள்ளாடுவது இயல்புதானே என்று விட்டுவிடுவதால்தான் தப்பிப் போகிறது. குடிக்காமல் இரண்டு நாளாகியும் தள்ளாடினால் அது குடிவெறியில்லை. பிறகு நினைவாற்றல் நிரந்தரமாகப் போகலாம்: காலையில் சாப்பிட்ட தோசையை மறந்து, சாப்பிடாத புட்டைச் சாப்பிட்டதாகக் கதை சொல்வார்.

எனவே டிரிப் ஏற்றும் இடத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “பி1 ஊசி போட்டாச்சா?” முதலில் அந்த ஊசி, பிறகு குளுக்கோஸ். மாத்திரையாகக் கொடுத்தால் குடித்துக் கெட்ட குடல் அதைச் சரியாக உறிஞ்சாது, முதல் நாட்களில் ஊசிதான் நல்லது.

சாம்பாரில் கலக்கிற பொடி

சுவரொட்டியில் பார்த்திருப்பீர்கள். ‘அவருக்கே தெரியாமல் உணவில் கலந்து கொடுங்கள், குடியை மறப்பார்.’ தபாலிலும் வரும். இப்படி விற்கிற பொடிகளில் என்ன இருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது. குடியை விட மருத்துவர் தரும் டைசல்ஃபிராம் என்ற மருந்து அதில் இருந்தால் விஷயம் விபரீதம். அது சாராயத்தை உடம்பு உடைக்கும் பாதையைப் பாதியில் அடைத்துவிடும். பாதியில் நின்ற அசிட்டால்டிஹைடு இரத்தத்தில் ஏறி முகம் சிவந்து, தலை பிளந்து, வாந்தி, நெஞ்சு படபடப்பு, இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். ஐம்பது வயதுக்காரரின் இதயம் அதைத் தாங்காமல் போகலாம். மாத்திரையைத் தெரிந்தே போடுகிறவர் குடிக்கப் பயப்படுவார். தெரியாமல் தின்றவர் வழக்கம்போல் ஒரு குவார்ட்டரை முழுசாகப் போடுவார்.

நல்ல மருந்துதான் அது, அவர் சம்மதத்தோடு. கடைசிக் குடிக்குப் பிறகு குறைந்தது 12 மணி நேரம் கழிந்தபின் தொடங்கவேண்டும். நிறுத்திய பிறகும் 14 நாள் வரை அதன் வேலை இருக்கும். இன்னொன்று நம் பக்கத்து வீடுகளுக்கே உரியது: அரிஷ்டம். பிரசவத்துக்கும் பசிக்கும் என்று அலமாரியில் எப்போதும் ஒரு பாட்டில் இருக்கும். தானாகப் புளித்து உண்டான சாராயம் அதில் 12 சதவீதம் வரை இருக்கலாம். டைசல்ஃபிராம் போடுகிறவர் ‘மேலுக்கு நல்லது’ என்று இரண்டு மூடி குடித்தாலும் அதே கூத்துதான். சில இருமல் மருந்துகளும் அப்படியே.

வலிப்பு வந்தவரை விடியும்வரை

வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி வைப்பது, பல்லிடையே கரண்டி திணிப்பது, வாயில் தண்ணீர் ஊற்றுவது, மூன்றும் வேண்டாம். சாவியால் வலிப்பு நிற்காது. அது தானே நிற்கிற நேரத்தில் கையில் சாவி இருக்கிறது, அவ்வளவே. கரண்டியால் பல் உடையும், உடைந்த பல் தொண்டைக்குள் போகும். பக்கத்தில் இருக்கும் நாற்காலி, அடுப்பு, அரிவாள்மனை எல்லாவற்றையும் நகர்த்துங்கள். தலைக்கடியில் ஒரு துணி. மணி பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, ஒன்று முடிந்து நினைவு வருவதற்குள் அடுத்தது வந்தாலோ 108. குடியை விட்டவருக்கு வந்தது முதல் வலிப்பு என்றால் சீக்கிரம் நின்றுவிட்டாலும் போகவேண்டும். பிதற்றல் பின்னால் வரிசையில் நிற்கலாம்.

வெறியில் கிடப்பவர் விஷயத்தில் நம் வீடுகளில் ஒரு வாக்கியம் உண்டு: “கெடக்கட்டு, வெளுக்கும்போ சரியாவும்.” பலர் வெளுப்பதைப் பார்ப்பதில்லை. மல்லாந்து கிடந்து வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழாயில் போகும். கூப்பிட்டால் கண் திறக்காதவரை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். அவர் பக்கத்தில் முட்டி போட்டு உட்காருங்கள். உங்களை ஒட்டிய கையை அவர் தோளுக்கு நேராகப் பக்கவாட்டில் நீட்டுங்கள். மறு கையை நெஞ்சின் குறுக்கே கொண்டுவந்து, புறங்கையை உங்கள் பக்கத்துக் கன்னத்தோடு சேர்த்துப் பிடியுங்கள். உங்களுக்கு அப்புறத்தில் இருக்கும் முழங்காலை மடக்கி உங்கள் பக்கம் இழுத்தால் ஆள் தானே உருண்டு வருவார். மடங்கிய முழங்கால் தரையில் ஊன்றி நிற்கவேண்டும், தலை கொஞ்சம் பின்னால் சாய்ந்து வாய் தரையைப் பார்க்கவேண்டும்.

பிறகு மூச்சை எண்ணுங்கள். வயிற்றின்மேல் கண்ணை வைத்து ஒரு முழு நிமிடம். 12 முதல் 20 வரை சரி. 8-க்குக் கீழே போனால், அல்லது இரண்டு மூச்சுக்கிடையே பத்து விநாடிக்கு மேல் இடைவெளி விழுந்தால், காத்திருக்க வேண்டாம். களகளவென்று தண்ணீர் கொதிக்கிற மாதிரி வரும் குறட்டையை ‘நல்ல தூக்கம்’ என்று நினைக்கிறார்கள். அது அடைபடுகிற மூச்சின் சத்தம். எலுமிச்சைச் சாறு, மோர், தலையில் தண்ணீர், கருப்பட்டிக் காப்பி எதுவும் இரத்தத்தில் ஏறிய சாராயத்தைக் குறைக்காது. ஈரல் மட்டும்தான் குறைக்கும், அதுவும் மணிக்கு 7 முதல் 10 கிராம்.

கணக்கு வேண்டுமென்றால்: 42.8 சதவீதம் உள்ள 180 மி.லி. குவார்ட்டரில் சுத்த சாராயம் சுமார் 61 கிராம். ஆறு முதல் எட்டே முக்கால் மணி நேர வேலை. ராத்திரி 11 மணிக்கு ஒன்றை முடித்துவிட்டு, விடியுமுன்னே ரப்பர் பால் வெட்ட பைக்கில் கிளம்புகிறவர் ‘தூங்கி எழுந்தாச்சே’ என்று நினைப்பார். சட்டம் அனுமதிக்கும் அளவு 100 மி.லி. இரத்தத்தில் 30 மில்லிகிராம். அவர் அதைத் தாண்டியே இருக்க வாய்ப்பு உண்டு. மறுநாள் தலைவலிக்குப் பாராசிட்டமால் போடுவதும் தினக்குடிகாரருக்கு ஆபத்து. நல்ல ஈரல் தாங்குகிற அளவை அந்த ஈரல் தாங்காது. நாளைக்கு 2 கிராமுக்கு மேல் போகவே கூடாது.

ரப்பர் ஆசிட் கதை

கள்ளச்சாராயத்தில் ஆளைக் கொல்வது மெத்தனால். 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பகுதியிலும் பலரும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களும் செத்தது இதனால்தான். மெத்தனால் தானாக அவ்வளவு விஷமில்லை. ஈரல் அதை உடைத்து ஃபார்மிக் ஆசிட் ஆக்குகிறது. குலசேகரம், அருமனைப் பக்கத்தில் இந்தப் பெயர் தெரியாதவர் யார்? தட்டில் ஊற்றிய ரப்பர் பாலை உறையவைக்கும் அதே ஆசிட். பால் உறைவதைப் பார்த்தவருக்கு, அது கண்ணின் நரம்பில் என்ன செய்யும் என்று நினைத்துப் பார்க்க முடியும். பாதிக்கப்பட்டவர்களும் ‘கண்முன்னே வெள்ளையாகப் பனி மாதிரி இருக்கு’ என்றுதான் சொல்வார்கள்.

இங்கேயும் மணிக்கணக்குதான் ஏமாற்றும். குடித்தவுடன் சாதாரண வெறி. 12 முதல் 24 மணி நேரம் ஒன்றும் தெரியாது. நல்ல சாராயத்தோடு கலந்து குடித்திருந்தால் இன்னும் தள்ளிப்போகும். பிறகு வயிற்றுவலி, வாந்தி, பார்வை மங்கல், வேகமான ஆழமான மூச்சு. ‘நேத்துக் குடிச்சது, இன்னிக்கு என்ன’ என்ற கேள்விக்கு இடமில்லை. கண் மங்குகிறது என்று ஒருவர் சொன்னால், அவரோடு அதே இடத்தில் குடித்த எல்லாரையும், நன்றாக இருப்பவர்களையும், சேர்த்துக் கூட்டிப்போக வேண்டும். மாற்று மருந்தும் டயாலிசிஸும் ஆசிட் அதிகம் சேருமுன் தொடங்கினால்தான் கண் பிழைக்கும். பாட்டிலில் மிச்சம் இருந்தால் கொட்டாமல் எடுத்துப்போங்கள்.

வலி மாத்திரையும் தூக்க மாத்திரையும்

டேபன்டடால், டிரமடால் போன்ற மாத்திரைகள் புற்றுநோய் வலிக்கும் அறுவைச் சிகிச்சை வலிக்கும் ஆனவை. இவற்றைச் சீட்டில்லாமல் வாங்கி, கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பையன்கள் இருக்கிறார்கள். மாத்திரை என்பது முழுக்க மருந்தில்லை. அதை இறுக்கிப் பிடிக்க டால்க்கும் மரநாரும் மாவும் சேர்த்திருக்கும். வயிற்றுக்குப் போனால் அவை வெளியேறும். இரத்தக்குழாயில் போனால் எங்கே போகும்? நுரையீரலின் நுண்ணிய குழாய்களில் போய் அடைந்து கட்டி தட்டும். ஊசி பகிர்ந்தால் எச்.ஐ.வி., மஞ்சள்காமாலையின் பி, சி வகைகள். கிருமி இதய வால்வில் உட்கார்ந்தால் வாரக்கணக்கில் விடாத காய்ச்சல். ‘டைபாய்டு’ என்று ஊர் ஊராக மருந்து தின்று கடைசியில் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்கும்போதுதான் தெரியும். கை கறுத்து விரலை எடுக்கவேண்டி வந்தவர்களும் உண்டு. ஊசி போடும் நரம்பு (சிரை) என்று நினைத்துத் தமனியில் குத்தியதால் வந்தது.

வீட்டில் கண்ணில் படுவது: வெறும் மாத்திரை அட்டைகள், இன்சுலின் ஊசி, ஊசிமருந்துக்கான தண்ணீர்க்குப்பி, மேடமாதத்து (சித்திரை) வெயிலில் முழுக்கைச் சட்டை, மூக்கைச் சொறிந்துகொண்டே இருப்பது, பட்டப்பகலில் கடுகுபோல் சுருங்கிய கண்மணி, ஓயாத மலச்சிக்கல்.

இதை நிறுத்தினால் வருவது சாராயத்துக்கு நேர் எதிர். 8 முதல் 24 மணி நேரத்தில் கொட்டாவி, மூக்கொழுகல், கண்ணீர், புல்லரிப்பு, முழங்கால் எலும்பைப் பிடுங்குகிற வலி, வயிற்றுப்போக்கு. இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய் ஒரு வாரம் பத்து நாளில் தணியும். பார்க்க மகா கொடுமை. செத்துப்போவான் என்று பயந்து பெற்றவர்களே மாத்திரை வாங்கிக் கொடுப்பார்கள். நீர்ச்சத்து வற்றாமல் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்துக் கவனித்தால் இதில் பெரும்பாலும் ஆள் சாவதில்லை. நடுங்கும் குடிகாரரைக் ‘கெடக்கட்டு’ என்று விட்டுவிட்டு, கதறுகிற இந்தப் பையனுக்காக ஓடுகிறோம்; சாகிற ஆபத்து அதிகம் முதலாமவருக்கு.

இவனுக்கு ஆபத்து பிறகுதான். மூன்று வாரமோ மூன்று மாதமோ மறுவாழ்வு இல்லத்திலோ சிறையிலோ இருந்துவிட்டு வருகிறான். உடம்பின் தாங்குசக்தி இறங்கியிருக்கும், மனசிலுள்ள அளவு பழைய அளவாகவே இருக்கும். வந்த வாரத்தில் கூட்டாளி கொடுத்ததைப் பழைய அளவில் போட்டால் மூச்சு நிற்கும். அதோடு ஒரு கட்டிங்கும், அல்பிரசோலம் என்ற தூக்க மாத்திரையும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்: மூன்றும் மூளையில் மூச்சை நடத்தும் ஒரே இடத்தைத்தான் அமுக்குகின்றன. ஆஸ்பத்திரியில் நலாக்சோன் என்ற மாற்று ஊசி போட்டு எழுப்பினால் உடனே எழுந்து ‘வீட்டுக்குப் போறேன்’ என்பான். விடாதீர்கள். அந்த ஊசியின் வேலை 30 முதல் 90 நிமிடத்தில் முடியும், மாத்திரையின் வேலை அதற்குப் பிறகும் இருக்கும். மறுபடி மூச்சு இறங்கும்.

தூக்க மாத்திரை விஷயத்தில் பையன்களை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். மகன் வளைகுடாவில், மருமகள் நாகர்கோவிலில், தனியாக இருக்கும் எத்தனை பாட்டிகள் பத்து வருடம் முன்பு யாரோ எழுதிக்கொடுத்த அல்பிரசோலத்தை இன்றும் ராத்திரி ராத்திரி போடுகிறார்கள்! ராத்திரி எழும்போது விழுந்து இடுப்பெலும்பு உடைவதில் இதற்குப் பங்கு உண்டு. அதைத் திடீரென்று பிடுங்கினாலும் வலிப்பு வரும். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், மருத்துவர் சொல்லும் அளவில் குறைத்துத்தான் நிறுத்தவேண்டும்.

வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. இங்கே மருத்துவர் சாதாரணமாக எழுதித்தரும் டிரமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து, பிரிகாபலின் போன்றவை அமீரகத்தில் முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாதவை. திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குக் கிளம்பும் அன்று ‘எங்க வீட்டு ஆளுக்கு இந்த மருந்தைக் கொண்டு குடுத்துரு மோனே’ என்று பக்கத்து வீட்டில் தரும் பொதியைப் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

பயலை விரட்டாதீர்கள்

சைக்கிள் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், தின்னர், ஒயிட்னர் இவற்றைத் துணியிலோ கவரிலோ விட்டு உறிஞ்சுகிறவர்கள் பெரும்பாலும் பன்னிரண்டு பதினான்கு வயதுப் பிள்ளைகள். வாயைச் சுற்றிப் புண், சட்டையில் பெயிண்ட் வாசனை. இதிலுள்ள டொலுவீன் போன்றவை இதயத்தை அட்ரினலினுக்கு மிகக் கூச்சமுள்ளதாக்கிவிடும். அந்த நேரத்தில் பயந்தால், ஓடினால், அட்ரினலின் பாய்ந்து இதயத்துடிப்பு தாறுமாறாகி அங்கேயே நின்றுபோகும். முதல் தடவை உறிஞ்சுகிற பையனுக்கும் இது நடக்கும். பாழடைந்த கட்டடத்திலோ குளக்கரையிலோ பார்த்தால் கம்பெடுத்து ‘எலேய்’ என்று கத்திக்கொண்டு விரட்டுவது நம் இயல்பு. அதைத்தான் செய்யக்கூடாது. பைய பக்கத்தில் போய், சாதாரணக் குரலில் பேசி, காற்றோட்டமான இடத்தில் உட்காரவைத்து, அரை மணி நேரம் நடக்கவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திட்டுவதை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

எம்.டி.எம்.ஏ., மெத் என்ற கிளர்ச்சியூட்டும் போதைப்பொருள்கள் பற்றிக் கேரள எல்லையான களியக்காவிளைக்கு இருபுறமும் பேச்சு அடிபடுகிறது. இவற்றுக்கு மாற்று மருந்து கிடையாது. கொல்வது பெரும்பாலும் சூடு. உடம்பு 40 டிகிரிக்கு மேல் போகும். பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது. ஈரத்துணி, மின்விசிறி, 108. கட்டிப்போட்டால் திமிறத் திமிறச் சூடு ஏறும். தாகத்துக்குப் பானை பானையாகத் தண்ணீர் குடிக்கவிடாதீர்கள், இரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்பு வரும். 22 வயதுப் பையன் நெஞ்சுவலி என்றால் ‘கேஸ்’ என்று சொல்லாமல் இ.சி.ஜி. எடுக்கவேண்டும். இரண்டு மூன்று நாள் தூங்காமல் இருந்து, யாரோ கண்காணிக்கிறார்கள் என்று ஜன்னலை அடைப்பவனோடு வாதாடிப் பயனில்லை.

கஞ்சாவுக்கு ‘மூலிகைதானே’ என்ற வக்கீல்கள் நிறைய. மூச்சை நிறுத்தாது என்பது உண்மை. பதினைந்து பதினாறு வயதில் தினமும் இழுப்பவனுக்கு, அதுவும் குடும்பத்தில் மனநோய் இருந்தால், மனச்சிதைவு வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதும் உண்மை. சாக்லேட்டாகத் தின்றால் அரை மணி முதல் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் ஏறும். ‘ஒண்ணும் ஏறலியே’ என்று இன்னொன்றைத் தின்பவன்தான் ஆஸ்பத்திரிக்கு வருகிறான். வருடக்கணக்கில் இழுப்பவர்களுக்கு ஒரு விநோத வாந்தி உண்டு: நாள் முழுக்க ஓயாது, சுடுதண்ணீரில் குளித்தால் மட்டும் அடங்கும். எண்டோஸ்கோப்பி எத்தனை எடுத்தாலும் ஒன்றும் தெரியாது. சுடுதண்ணீர்க் குளியலைப் பற்றிக் கேட்டாலே பாதி நோய் பிடிபடும். கொழுப்பில் தங்குவதால் தினமும் இழுத்தவனின் சிறுநீரில் நிறுத்தி 30 நாள் வரைகூடத் தெரியலாம். வெளிநாட்டு வேலையிடத்துச் சோதனையில் மாட்டுவது இப்படித்தான்.

கூல் லிப், ஹான்ஸ் போன்ற, வாயில் அதக்கும் புகையிலைப் பொட்டலங்களைப் பள்ளிப் பெஞ்சின் அடியில் தேடினால் கிடைக்கும். ஆசிரியர்கள் செய்யவேண்டிய சோதனை ஒன்று: வாயைத் திறந்து மூன்று விரலை நிமிர்த்தி நுழைக்கச் சொல்லுங்கள். நுழையாவிட்டால் கன்னச்சதை இறுகத் தொடங்கிவிட்டது. அதைச் செய்வது பெரும்பாலும் பாக்கு. இறுகியது பழையபடி முழுக்க இளகுவதில்லை, புற்றுக்கும் முன்படி அது. காரம் தின்றால் எரிகிறது என்று பிள்ளை சோற்றில் குழம்பை ஒதுக்கினால் வாயைப் பாருங்கள். நிக்கோட்டின் சூயிங்கம் வாங்குகிறவர்கள் அதைச் சாதாரண சூயிங்கம் போல் மெல்லக்கூடாது. காரம் வரும்வரை மெதுவாக மென்று, கன்னத்தில் ஒதுக்கி, காரம் போனதும் மறுபடி. விழுங்கினால் விக்கலும் வயிற்றெரிச்சலும்தான் மிச்சம்.

எங்கே போவது, என்ன சொல்வது

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து வராமல் இருக்கிறார்கள். போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985-இல் 64ஏ என்ற பிரிவு, உட்கொண்டதற்கோ சிறிய அளவு வைத்திருந்ததற்கோ வழக்கில் சிக்கியவர் அரசு அங்கீகரித்த இடத்தில் தானே முன்வந்து சிகிச்சை எடுத்து முடித்தால் வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. மருத்துவரிடம் என்ன தின்றான் என்பதை மறைப்பதால் தப்பான மருந்துதான் கிடைக்கும்.

தனியார் இல்லத்தில் சேர்ப்பதானால் பணத்தைக் கட்டுமுன் கேளுங்கள்: உரிமம் எங்கே? முதல் ஐந்து ராத்திரி மருந்து கொடுப்பது யார்? மருத்துவர் வருவாரா, போனில்தானா? வலிப்பு வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்த வண்டியில்? வாரம் ஒருமுறையாவது தனியாகப் பேசவிடுவீர்களா? சங்கிலியில் கட்டுவதை மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 அடியோடு தடைசெய்கிறது. ‘முதல்ல ரெண்டு அடி போட்டாத்தான் வழிக்கு வருவான்’ என்று சொல்கிற இடத்தின் படியிலிருந்தே திரும்பிவிடுங்கள்.

தொலைபேசியில் கேட்க 14446 போதை மீட்பு உதவி எண், 14416 டெலிமனாஸ் மனநல எண், இரண்டும் இலவசம். விற்பனை பற்றிச் சொல்ல 1933.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் பதற்றத்தில் எல்லாம் மறந்துபோகும். ஆறுகாணி, பத்துகாணியிலிருந்து ஆசாரிபள்ளம் வருவதற்குள் கூட வந்தவருக்கே தலை சுற்றும். அதனால் நிறுத்துகிற அன்றைக்கே, அடுக்களைக் காலண்டரில் அந்தத் தேதித் தாளில் எழுதிவையுங்கள்: கடைசியாகக் குடித்த மணி, எவ்வளவு, கூட என்ன மாத்திரை, முன்பு வலிப்பு வந்ததா, சர்க்கரையோ ஈரல் நோயோ உண்டா, கடைசியாகச் சோறு தின்றது எப்போது. கிளம்பும்போது அந்தத் தாளைக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் போதும். பணியில் இருக்கும் மருத்துவர் முதலில் கேட்கப்போவது அந்த மணியைத்தான்.